குவாண்டம் பின்னல் கணப்பொழுதில் பரவுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் குவாண்டம் கணினி பற்றி வெளிவந்த கட்டுரையில், பல துகள்கள் சேர்ந்த அமைப்பைத் தூண்டிவிட்டால் கணப்பொழுதில் அனைத்தும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் என்று எழுதப்பட்டிருந்தது. இது திருத்தப்பட வேண்டிய பிழை. (பின்னல் என்பது, துகள்களைத் தனித்தனியே விவரிக்க இயலாதபடி அவற்றின் நிலைகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது; ஆங்கிலத்தில் entanglement.)

ஏற்கெனவே பின்னிய இரு துகள்களை எவ்வளவு தொலைவுக்குப் பிரித்தாலும் அவற்றின் அளவீட்டு முடிவுகளிடையே தொடர்பு இருக்கும் என்பது உண்மையே. ஆனால், தனித்தனியே இருந்த துகள்களிடையே பின்னல் புதிதாக உருவாகிப் பரவுவது வேறு விஷயம். ஒவ்வொரு துகளும் அண்டைத் துகளோடு மட்டுமே வினைபுரியும் அமைப்பில் எந்தத் தாக்கமும் ஒரு வேக வரம்புக்கு உட்பட்டே பரவும் என்று எலியட் லீப், டெரெக் ராபின்சன் ஆகியோர் 1972-இல் கணித முறையில் நிறுவினர். அந்த வரம்பு ஒளியின் வேகம் அன்று. அண்டைத் துகள்களின் வினை எவ்வளவு வலியது என்பதைப் பொறுத்தது. சமநிலை குலைந்ததும் ஒவ்வோரிடத்திலிருந்தும் எதிரெதிர்த் திசைகளில் இணை இணையாகப் புறப்படும், துகள்களைப் போன்ற கிளர்ச்சிகளே பின்னலைச் சுமந்து செல்கின்றன என்ற எளிய சித்திரத்தை 2005-இல் இயற்பியலாளர்கள் கலாப்ரேசே, கார்டி இருவரும் வரைந்தனர். ஜெர்மனியின் கார்ஷிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் 2012-இல் குளிர்ந்த அணுக்களில் தொடர்புகள் இவ்வாறு வரம்புக்குட்பட்ட வேகத்தில் (தொலைவையும் நேரத்தையும் வரைந்தால் கூம்பு வடிவில்) விரிவதைக் கண்டனர்.

என்னை மிகவும் கவர்ந்தது ஹார்வர்டில் நடந்து 2016-இல் வெளியான சோதனைதான். லேசர் ஒளியால் அமைந்த குழிகளில் குழிக்கு ஒன்றாக ஆறு ருபீடியம் அணுக்களை வைத்து, குழிகளுக்கிடையேயுள்ள தடுப்பைத் திடீரெனத் தாழ்த்தினார்கள். அதே அமைப்பின் நகல் ஒன்றைப் பக்கத்திலேயே இயக்கி, இரண்டையும் குறுக்கிட வைத்து, குழிவாரியாக அணுக்களை எண்ணிப் பின்னலை அளந்தார்கள். ஓரிரு குழிகளை மட்டும் பார்த்தால் சூடேறிய பொருளைப் போன்ற ஒழுங்கின்மை தெரிந்தது. ஆறையும் சேர்த்துப் பார்த்தாலோ அமைப்பு தொடக்கத்தில் இருந்ததைப் போலவே ஏறத்தாழத் தூய நிலையில், அதாவது ஒழுங்கின்மை இல்லாத குவாண்டம் நிலையில், இருந்தது. ஒரு பகுதியில் தெரிந்த அந்த 'வெப்பம்', மற்றப் பகுதிகளோடு அது கொண்ட பின்னலின் மறுமுகம்.

அணுக்களின் வினைகளிலோ இடங்களிலோ ஒழுங்கற்ற தன்மை மிகுந்தால் நிலைமை இன்னும் மாறும்: பின்னல் காலத்தின் மடக்கைக்கு ஏற்ப, ஆமை வேகத்தில்தான் வளரும் என்பதைக் கணினிக் கணக்கீடுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே கட்டுரையில் உள்ள 'கணப்பொழுதில்' என்ற சொல்லை நீக்கித் திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்