தேய்ப்புக்கார அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், எங்கிருந்தோ வந்து எங்கள் தெருச் சேற்றில் இறங்கி வேலை பார்த்தவர்களுக்கும்,

வெள்ளத்தில் என்ன நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் தாமிரபரணிக் கரையில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். கிறிஸ்துமஸும் வந்து போய்விட்டது. இப்போதே எழுதாவிட்டால் சேறு வழிப்பதிலும் நிவாரண மனு எழுதுவதிலும் இது அப்படியே நின்றுபோகும். அதனால்தான் இந்த அவசர மடல்.

கடற்கரை ஊர்களிலிருந்து லாரியில் படகை ஏற்றிக் கொண்டுவந்த மீனவத் தம்பிமார்களே, என் அத்தையை நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தீர்கள். உங்கள் பேரைக்கூடக் கேட்டுக்கொள்ள முடியவில்லை. பள்ளிவாசலிலிருந்து சுடச்சுடச் சோறு அனுப்பியவர்கள், இடுப்பளவுத் தண்ணீரில் கம்பம் கம்பமாகப் போய்ப் பார்த்த மின்வாரியத் தொழிலாளர்கள், வெளி மாவட்டங்களிலிருந்து வந்து எங்கள் சாக்கடையை அள்ளிய தூய்மைப் பணியாளர்கள், மாற்றுத் துணி கொடுத்த பக்கத்து ஊர் அக்காமார்கள், எங்கள் ஓலைப் பொருட்களுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்காத சென்னை வாடிக்கையாளர்கள், எல்லோருக்கும் கோடி நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம் எழுத வேண்டும். இப்போதைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்று ஊருக்குத் தெரியும். அத்தை மணப்பாட்டுப் பெண். அந்த ஊர்ப் பெண்களின் பனையோலை வேலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமாகி வரும்போது அந்தக் கையையும் கொண்டுவந்துவிட்டார். பனங்குருத்தை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சாயத்தில் கொதிக்கவைத்து, மறுபடி காயவைத்தால்தான் முடையவே உட்கார முடியும். அப்புறம் நட்சத்திரம், மணி, சம்மனசு (தேவதூதர்), மரத்தில் தொங்கவிடக் குட்டிக் குட்டிப் பெட்டிகள் என்று அக்டோபரில் ஆரம்பித்தால் டிசம்பர் பாதி வரை திண்ணையில் நடக்க இடமிருக்காது. இந்த வருஷம் கோயில் வாசலுக்குப் பெரிய நட்சத்திரமும் நாங்கள்தான் செய்வதாக இருந்தோம். அசிசியின் புனித பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியின் கிரெச்சோவில் முதல் குடில் வைத்து இந்தக் கிறிஸ்துமஸோடு 800 வருஷம் ஆகிறது. அதனால் குடிலும் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்று எங்கள் பங்குக் கோயிலில் (சர்ச்சில்) எல்லோருக்கும் ஆசை.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குள் வந்தபோது அட்டைப்பெட்டிகள் கூழாகிக் கிடந்தன. சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலந்து, செய்து வைத்ததெல்லாம் ஒரு மாதிரி மண் நிறத்தில் இருந்தது. அதில் எதையும் காப்பாற்ற முடியவில்லை. கிழித்து வைத்திருந்த வெறும் ஓலை மட்டும் நான்கைந்து கட்டு ஊறிக் கிடந்தது. ஓலை நனைந்தால் கெட்டுப்போகாது. நனைந்தபடியே கட்டாகக் கிடந்தால்தான் வினை. இரண்டு மூன்று நாளில் கரும்புள்ளி விழுந்து பூஞ்சை ஏறிவிடும். வானமோ மூடிக் கிடந்தது. கரண்ட் கிடையாது. அத்தை அந்தக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். வீடு போன கணக்கு, கட்டில் போன கணக்கு எதற்கும் கலங்காத மனுஷி.

"இந்த நேரத்துல ஸ்டார் ஒண்ணுதான் கொறச்சல்" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அரிசிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரம் அது.

தெரு முனையில் தேய்ப்புக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் தள்ளுவண்டி வெள்ளத்தோடு போய் வாய்க்கால் மதகில் சிக்கிக் கிடந்தது. ஒரு சக்கரம் இல்லை. மிஞ்சியது அந்தக் கரி இஸ்திரிப்பெட்டி ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வழியாகப் போனவர் அத்தையைப் பார்த்து நின்றார். என்ன, ஏது என்று கேட்டார். "ஈரத்த எடுக்கணும், அவ்வளவுதான? துணியில எடுக்குறது ஓலையில எடுக்க முடியாதா? கொண்டா தாயி, பாப்போம்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய கரி மூட்டை நனைந்து போயிருந்தது. எங்கள் பரணில் அத்தை சேர்த்து வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டை மட்டும் தண்ணீர் படாமல் இருந்தது. அதைக் கொளுத்திக் கங்காக்கினோம். பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்து, ஓலையைப் பாய் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, மேலே இன்னொரு துணி போட்டார். விரலை நாக்கில் தொட்டுப் பெட்டியின் அடியில் வைத்தார். சுர்ரென்றது. இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்துவிட்டு ஒரே சீராக ஒரு தடவை இழுத்தார். ஆவி குப்பென்று எழுந்தது. திருப்பிப் போட்டு மறுபடி. எடுத்துப் பார்த்தால் ஓலை தகடுபோல் நிமிர்ந்து இருந்தது. வெயிலில் காய்ந்த ஓலைகூட இவ்வளவு நேராக வராது, ஓரம் சுருளும்.

ஒரு ஓலையில் துணி விலகி நேரே பெட்டி பட்டுவிட்டது. நுனி கருகிப் பழுப்பாகிவிட்டது. அண்ணாச்சி அதைத் தூரப் போடப் போனார். அத்தை கையை நீட்டி வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாயம்தான் இல்லையே, இந்தப் பழுப்பே நிறமாகட்டும்! "இதே மாதிரி எல்லா நுனியிலயும் ஒரு இழுப்பு இழுக்க முடியுமா?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் வரை அண்ணாச்சி ஓலை நுனியைக் கணக்காகக் கருக்கிக்கொண்டிருந்தார், நாங்கள் மடித்துக்கொண்டிருந்தோம். புள்ளி விழுந்ததை உள்ளே வைத்து, நல்லதை வெளியே வைத்து முடைந்தோம்.

கோயில் நட்சத்திரத்துக்கு மூங்கில் சிம்பை ஏற்கெனவே சீவி வைத்திருந்தோம். மூங்கிலை வெள்ளம் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு ஐமுனைச் சட்டத்தை முனைகளில் சேர்த்துக் கட்டி, நடுவில் குச்சி கொடுத்து உப்பவைத்தோம். ஒட்ட வேண்டிய கலர்த் தாள் கூழாகிவிட்டதால் ஓலையையே வரிசையாக வைத்துத் தைத்தோம். உள்ளே பல்பு போட வழியில்லை. ஜெனரேட்டரில் எரிந்த வாசல் விளக்கு மட்டும்தான். திருப்பலிக்கு வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்ததை நான் பார்த்தேன். என்னைக் கேட்டால் இத்தனை வருஷத்தில் நாங்கள் செய்த நட்சத்திரங்களில் இதுதான் உருப்படி. குடிலும் வீண்போகவில்லை. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலைக் குழைத்து மறைக்கல்விப் பிள்ளைகள் ஆடும் மாடும் செய்துவிட்டார்கள். ஒரு மாட்டுக்குக் கொம்பு ஒன்றுதான்.

அரிசி கொடுத்தவர்களுக்குக் குறைவாகவும் அண்ணாச்சிக்கு அதிகமாகவும் எழுதுகிறேனே என்று யாரும் நினைக்க வேண்டாம். பசித்தவர்களுக்குச் சோறு வேண்டும் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். நனைந்த ஓலைக்காக ஒரு கிழவி இடிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, 'இது ஒரு விஷயமா' என்று நினைக்காமல் பெட்டியைக் கீழே வைக்க எத்தனை பேருக்குத் தோன்றும்? அவர் சாமி வேறு. அவருக்கு அதில் ஒரு பைசா லாபமும் இல்லை. காசு கொடுத்தபோது, "துட்டெல்லாம் இப்ப வேண்டாம் தாயி, ஒரு காப்பி போடு" என்றார். பால் இல்லை. கடுங்காப்பிதான் கொடுக்க முடிந்தது.

அடுத்த பதனீர்க் காலத்தில் குருத்து கிடைக்கும்போது தெருப் பிள்ளைகளுக்கு ஓலை வேலை சொல்லிக் கொடுக்கப்போகிறோம். காசு வேண்டாம், எந்தச் சாமியைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளையும் வரலாம். கடைசி வகுப்பு அண்ணாச்சியுடையது. நுனி கருக்குவதை அவர்தான் சொல்லித் தர வேண்டும் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு அது இன்னும் சரியாக வரவில்லை.

கடைசியாக ஒன்று. வண்டிக்குப் புதுச் சக்கரம் வாங்கும் வரை அண்ணாச்சியின் கடை எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கும். சேறு அலசிய துணிகளை அங்கே கொண்டுவாருங்கள். காலை எட்டு மணிக்கே பெட்டி சூடாகிவிடும். எங்களிடம் வாங்காத துட்டை உங்களிடமாவது வாங்கட்டும், யாரும் கடன் சொல்லாதீர்கள்.