பெருங்குடியின் நிலத்தடி நீருக்கு மாடல் போடுகிறவர்களுக்கு

வணக்கம்.

சென்னை பெருங்குடிக் குப்பைமேட்டிலிருந்து இறங்கும் கசிவுநீர் மண்ணுக்குள் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணினியில் கணக்குப் போடப்போகிற பொறியாளர்களுக்கு எழுதுகிறேன். நானும் கொஞ்ச காலம் இதே வேலை பார்த்தவன்தான். அந்த உரிமையில் கேட்கிறேன்: எங்கள் தெரு மோட்டார்களையும் மாடலில் சேருங்கள்.

ஒரு பேச்சுக்குக் கணக்கு. மண்ணின் நீர்கடத்தும் திறன் நாளுக்கு 5 மீட்டர், நீர்மட்டச் சரிவு கிலோமீட்டருக்கு 1 மீட்டர், துளைமை (மண்ணில் தண்ணீர் புகும் இடைவெளியின் பங்கு) 25 விழுக்காடு. பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி 1856இல் சொன்ன விதிப்படி தண்ணீர் ஆண்டுக்கு 7 மீட்டர் சொச்சம் நகரும். 40 ஆண்டில் 300 மீட்டர்கூட இல்லை. நிம்மதியாக அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் கோடையில் அடுக்குமாடி போர்வெல்கள் உறிஞ்சி அந்தச் சரிவை 5 மீட்டராக்கினால் வேகம் ஆண்டுக்கு 36 மீட்டர். திசையும் மாறும்; பள்ளிக்கரணைச் சதுப்பைப் பார்த்துப் போகவேண்டியது குடியிருப்பைப் பார்த்துத் திரும்பும். ஆண்டு முழுக்க ஒரே நீர்மட்டம் என்று வைத்துக்கொண்ட மாடலில் இது தெரியவே தெரியாது.

போர்வெல்லிலிருந்து இரவில் பிடித்து வைத்த தண்ணீர் பளிச்சென்று இருக்கும். விடிந்து பார்த்தால் பக்கெட் அடியில் செந்துரு. ஆக்சிஜன் தீர்ந்துபோன நிலத்தடி நீரில் இரும்பு கரைந்து வரும், காற்றுப் பட்டதும் படியும். சதுப்பு மண்ணும் இதைச் செய்யும் என்பதால் குப்பையின் மேல் மட்டும் பழி போட வரவில்லை. அதே காரணத்துக்காகத்தான் கசிவுநீர் வந்த அடையாளமாக, உப்பில் இருக்கும் குளோரைடை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன். பள்ளிக்கரணைப் பக்கம் உப்பு ஏற்கெனவே உண்டு. அம்மோனியாவையும் பாருங்கள். அது களிமண்ணில் ஒட்டி ஒட்டிப் பின்தங்கித்தான் வரும், அதனால் இன்று அது தென்படாத கிணறு தப்பித்த கிணறு ஆகிவிடாது.

பயோமைனிங்கில், அதாவது பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றுவதில், குப்பையை அள்ளியாயிற்று என்று மாடலில் மாசின் மூலத்தைப் பூச்சியமாக்கிவிடாதீர்கள். களிமண் இத்தனை வருடம் குடித்ததை மெல்லத்தான் கக்கும்.

தெருவில் 14 வீட்டு போர் ஆழமும் மோட்டார் ஓடும் நேரமும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். டிசம்பரில் ஒருமுறை, மே மாதம் ஒருமுறை வாருங்கள். மே மாதம் என்றால் காலையிலேயே வந்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும்.

இப்படிக்கு,
பெருங்குடிவாசி ஒருவன்