மழை வருமா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்: வானிலை ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறிஞர்களே,

வணக்கம். காவிரி டெல்டாவில் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். கொஞ்சம் நிலமும் உண்டு. எந்த ஆய்வுக்குப் பணம் தரலாம், எதற்கு வேண்டாம் என்று முடிவுசெய்யும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். "கணிப்பு பலித்தால் போதும், ஏன் பலிக்கிறது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. செயற்கை நுண்ணறிவு வந்தபின் அதற்கு வலுவும் கூடிவிட்டது. படித்தவர்களே இப்படிப் பேசுவதைக் கேட்டுத்தான் எழுதத் தோன்றியது.

புரியாமலே சரியாகக் கணிக்க முடியும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1825 மே 31 இரவு தொடங்கிய சந்திர கிரகணத்தைப் புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கியே கணக்கிட்டுக் காட்டினார். காகிதம் கிடையாது. வாய்பாடு முழுவதும் சொற்களாகவும் அசைகளாகவும் அவர் மனதில் இருந்தது. அதைப் பதிவுசெய்தவர் சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன்; அவர், கணக்குக்குப் பின்னாலுள்ள கோட்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது என்றும் எழுதியிருக்கிறார். அப்படியும் கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடம்தான் பிசகியது. நடுப்பகுதி 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் தவறின. அந்த மனிதரின் ஞாபகசக்தியை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் தொடக்கம் இவ்வளவு நெருக்கமாக வந்தபோது முடிவு மட்டும் ஏன் 52 நிமிடம் தள்ளிப்போனது என்று கேட்டிருந்தால் சோழிகளில் அதற்குப் பதில் இருந்திருக்காது. அந்த வாய்பாட்டை முதன்முதலில் கட்டியவர் சந்திரன் எப்படி ஓடுகிறது என்று யோசித்தவர். அவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

சந்திரனாவது ஒழுங்காகத் திரும்பி வரும். மழை அப்படிப்பட்டதா?

தாது வருஷப் பஞ்சம் என்று எங்கள் பக்கத்தில் பாட்டிமார் வாயில் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. அதற்குப் பிறகுதான் பருவமழையை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று அரசு தீவிரமாகக் கேட்டது. இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த பிளான்ஃபோர்டு இமயத்துப் பனியை வைத்து மழையைச் சொல்ல முயன்றார். பின்னால் 1904-இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கணித மேதை. உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் அளவுகளைத் திரட்டி, எது எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும் ஒரு பெரிய ஊஞ்சலாட்டத்தைக் கண்டுபிடித்தார். மகத்தான கண்டுபிடிப்பு. ஆனால் அந்த ஊஞ்சலை ஆட்டுவது எது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கண்ட தொடர்புகளில் பல, காலம் போகப் போகத் தேய்ந்து மறைந்தன. எது நிலைக்கும், எது தற்செயல் என்று பிரித்தறிய வழி இல்லை. 1969-இல்தான் வானிலை அறிஞர் யாக்கோபு பியர்க்னெஸ் அந்த ஊஞ்சலை எல் நினோவோடு, அதாவது சில வருடங்களில் பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவதோடு, இணைத்து, பசிபிக் கடலின் வெப்பமும் அதன் மேலுள்ள காற்றும் ஒன்றையொன்று எப்படித் தள்ளுகின்றன என்று விளக்கினார்.

அப்புறம் 2002 வந்தது. அந்த வருடத்தை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. 1988 முதல் நம் நாட்டில் 16 அளவுகளை வைத்து பருவமழையைக் கணிக்கும் ஒரு கணித மாதிரி (model) நடைமுறையில் இருந்தது. இமயப் பனி, ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரின் காற்றழுத்தம், அர்ஜென்டினாவின் காற்றழுத்தம் என்று பலவும் அதில் சேர்த்தி. பதினான்கு வருடம் நம்பிக்கையோடு பயன்படுத்தினார்கள். 2002-க்கு அது சொன்னது சராசரியில் 101 சதவீதம். பெய்தது 81 சதவீதம். ஜூலையில் மட்டும் நாடு முழுவதும் பெய்ய வேண்டியதில் ஏறக்குறைய பாதிதான் பெய்தது. ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை திறக்கவில்லை, குறுவை நெல் சாகுபடி போனது. மழை இருக்கும் என்று நம்பி நாற்றங்காலைத் தயார் செய்தவர்களில் நானும் ஒருவன். கணிப்பு தவறியதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. தவறியபின் அந்த மாதிரியால் தன் தவறைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியவில்லை என்பதுதான் என் மனதை உறுத்தியது. மறுவருடமே அதை ஒதுக்கிவிட்டு வேறு மாதிரிகளைக் கொண்டுவந்தார்கள்.

1997-ஐ இதோடு வைத்துப் பாருங்கள். அந்த நூற்றாண்டின் மிகப் பலமான எல் நினோக்களில் ஒன்று அது. எல் நினோ வந்தால் நம் பருவமழை குறைவதுண்டு, அதனால் மழை பொய்க்கும் என்று பயந்தோம். சராசரிக்கு மேல் பெய்தது. 2002-இல் இருந்த எல் நினோ அவ்வளவு பலம்கூட இல்லை, வறட்சி வந்தது. எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இது கிறுக்குத்தனம். புனேயில் இருந்த கிருஷ்ணகுமாரும் அவருடைய சகாக்களும் 2006-இல் ஒரு காரணத்தை முன்வைத்தார்கள்: பசிபிக்கில் கடல் எவ்வளவு சூடாகிறது என்பதோடு, எந்த இடத்தில் சூடாகிறது என்பதும் முக்கியம். நடுப் பசிபிக் சூடானால் அதன் மேல் எழும் காற்று நம் பக்கம் வந்து கீழே இறங்குகிறது. மேகம் திரள முடியாமல் போகிறது. அந்தக் கட்டுரையைப் படித்த நாளில், நாற்றங்கால் காய்ந்துபோன நான்கு வருடத்துக்குப் பிறகு, எனக்கு என்ன நடந்தது என்று முதல் தடவையாக விளங்கியது. அதனால் என் நெல் திரும்பி வரவில்லை. ஆனாலும் அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

இப்போதைய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கு வருகிறேன். 2023-இல் வெளிவந்த கிராஃப்காஸ்ட் என்ற கூகுள் டீப்மைண்ட் மாதிரி பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறது. பழைய மாதிரிகளைப் பல அளவுகளில் முந்தவும் செய்கிறது. சரி, சந்தோஷம். ஆனால் அது பாடம் படித்தது எதிலிருந்து? 1979 முதலான உலக வானிலைப் பதிவுகளிலிருந்து. அந்தப் பதிவுகளின் இடைவெளிகளை நிரப்பித் தொகுத்தது, காற்றின் இயக்கத்தை விளக்கும் சமன்பாடுகளால் ஆன மாதிரி. சோழிக்காரருக்கு யாரோ வாய்பாடு செய்து கொடுத்தது போலத்தான் இதுவும். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஒரு மாதிரியிடமிருந்து கடும் புயல்களின் பதிவுகளை மறைத்துவிட்டுப் பழக்கினார்கள். பிறகு உண்மையான கடும் புயலைக் காட்டியபோது அதன் பலத்தை அது குறைத்தே சொன்னது. வேறொரு கடல் பகுதியில் அத்தகைய புயலைப் பார்த்திருந்தால் சமாளித்துக்கொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்குமே பார்க்காததற்கு வழியில்லை. கடல் சூடேறிக்கொண்டிருக்கும் காலத்தில், இதுவரை யாரும் பார்க்காதது வங்காள விரிகுடாவில் கிளம்பாது என்று நம்மில் யார் உறுதி சொல்ல முடியும்?

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. கணிப்பு மாதிரிகளுக்குப் பணம் கொடுங்கள். அவை எங்களுக்கு வேண்டும். விதை விடுவதற்கு முன் பத்து நாள் மழை தெரிந்தால் அதுவே பெரிய உதவி. ஆனால் விண்ணப்பத்தில் துல்லியம் எத்தனை சதவீதம் என்று கேட்கும் இடத்துக்குக் கீழேயே இன்னொரு கேள்வியும் சேருங்கள்: இது எந்தச் சூழலில் பொய்க்கும், ஏன்? அதைத் தேடிப் போகும் ஆளுக்கு நாலைந்து வருடம் கையில் காட்ட எதுவுமே இருக்காது. பியர்க்னெஸின் விளக்கம் வருவதற்கு, வாக்கர் பணி ஓய்வு பெற்ற பிறகு 45 வருடம் ஆனது. அப்படிப்பட்ட ஒருவரின் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, இதனால் உடனே என்ன பயன் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி.