6 நிமிடம் 23 விநாடி

ஆசிரியருக்கு,

2027 ஆகஸ்ட் 2 முழு சூரிய கிரகணத்தைப் பற்றிப் பேசும்போது, ‘நிலா சூரியனை மறைக்கிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அப்படியானால் அமாவாசைதோறும் ஏன் மறைப்பதில்லை? நிலாவின் பாதை, பூமியின் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் நிழல் பூமியின் மேல் விழாமல் விலகிப் போய்விடும்.

சூரியன் விட்டத்தில் நிலாவைவிடச் சுமார் 400 மடங்கு பெரியது. ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன (வெறும் தற்செயல்தான்!). அன்று நிலா பூமிக்கு மிக அருகில் வருவதால் சற்றுப் பெரிதாகத் தெரியும். எகிப்தின் லக்சர் அருகே முழு மறைப்பு 6 நிமிடம் 23 விநாடி நீடிக்கும். இதைவிட நீண்டதற்கு 2114 வரை காத்திருக்க வேண்டும்.

அட்லாண்டிக் பெருங்கடலில் தொடங்கி, தெற்கு ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, சவுதி, ஏமன், சோமாலியா வழியாக இந்தியப் பெருங்கடல் வரை செல்லும் நிழல் பட்டைக்குள் நின்றால்தான் கரோனா (சூரியனைச் சுற்றியுள்ள மங்கலான ஒளிவட்டம்) தெரியும். வெளியே 99 சதவீதம் மறைந்தாலும் தெரியாது. வெறுங்கண்ணால் பார்ப்பதும் ஆபத்து. கிரகணக் கண்ணாடியைக் கழற்றலாம் என்பது முழு மறைப்பின் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டுமே. செய்தி போடும்போது பட்டையின் வரைபடத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

– ஒரு வாசகர்