ஆயில் கூலர் செய்வோர் ஹோஸின் வெப்ப அளவைப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பந்தயத் தடத்தில் தம் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டும் இளைஞர்கள், எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கும் விலை உயர்ந்த ஆயில் கூலர் தொகுப்பை வாங்குவதற்குப் பதிலாக, ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளிலிருந்து கழற்றிய கூலரையும், அழுத்தமேற்றிய எண்ணெயைக் கொண்டுசெல்லும் ரப்பர்க் குழாயான ஹைட்ராலிக் ஹோஸையும் கொண்டு சேலத்திலேயே ஒன்றைச் செய்துகொள்ளலாம் என்று தங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். யோசனை நல்லதுதான். லாரியும் போர்வெல் ரிக்கும் நிறைந்த இந்த வட்டாரத்தில் அலுமினியம் பற்றவைப்பவருக்கும், ஹோஸ் முனையில் நிப்பிள் எனும் உலோக இணைப்பை அழுத்திப் பொருத்தித் தருபவருக்கும் பஞ்சமில்லை. ஆனால், ரிக் ஹோஸ் நூற்றுக்கணக்கான பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ காற்றுமண்டலத்தின் அழுத்தம்) அழுத்தத்தைத் தாங்குவதால் அச்சமே வேண்டாம் என்று அவர் முடித்திருப்பதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

கார் எஞ்சினில் ஆயிலின் அழுத்தம் சில பார் அளவுதான். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது அது சற்று உயரும். அந்த அழுத்தத்தில் ரிக் ஹோஸ் வெடிக்காது என்பது உண்மை. அதைக் கெடுப்பது வெப்பம். உள்ளே கம்பி வலை பின்னிய சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ்கள் பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸ் வரைக்கும் பயன்படுத்துவதற்கென்றே செய்யப்படுகின்றன. தடத்தில் எஞ்சினை உச்ச வேகத்தில் வைத்துச் சுற்றுக்குப் பின் சுற்றாக ஓட்டும்போது ஆயில் 120 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். போதாக்குறைக்கு, இடநெருக்கடி காரணமாகப் பலர் ஹோஸை எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டியே கொண்டுபோகிறார்கள். ரப்பர் நாளடைவில் இறுகிப் பிடிமானத்தை இழக்க, நிப்பிள் அழுத்திய இடத்தில் முதலில் ஈரம் கசியும். பிறகு ஒரு நாள் அந்த முனையே கழன்றுவிடும். அப்படிக் கழன்றால், ஓட்டுநர் எச்சரிக்கை விளக்கைக் கவனித்து எஞ்சினை அணைப்பதற்குள் பம்ப்பே ஆயிலை வெளியே இறைத்துத் தீர்த்துவிடும். ஆயிலின்றி எஞ்சினின் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் போவது ஒரு பக்கம். சூடான எக்ஸாஸ்ட்டின் மேல் ஆயில் கொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். ஹோஸின் மேல் அச்சிட்டிருக்கும் வரியில் அழுத்த அளவு இருக்கும், வெப்ப அளவு பெரும்பாலும் இருக்காது. எனவே தயாரிப்பாளரின் அட்டவணையைக் கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்து, 150 டிகிரி வரை தாங்கும் ஹோஸைத்தான் வாங்க வேண்டும். தண்ணீருக்கென்று செய்த ரேடியேட்டர் ஹோஸைப் போட்டுக் கிளிப்பால் இறுக்கியிருந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

கூலரின் நிலை இதற்கு நேர்மாறானது. ரிக்கில் அது பெரும்பாலும் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் வழியில் இருப்பதால், குறைந்த அழுத்தத்தை மட்டுமே கண்டிருக்கும். ஆகவே அதை எஞ்சினில் இணைப்பதற்கு முன் கைப்பம்ப்பைக் கொண்டு 10 பார் வரை அழுத்தம் ஏற்றிச் சோதிப்பது அவசியம். இச்சோதனையைத் தண்ணீரிலோ எண்ணெயிலோதான் செய்ய வேண்டும்; கம்ப்ரஸர் காற்றைக் கொண்டு செய்தால், கூலர் பிளக்கும்போது அருகில் நிற்பவர் மீது சில்லுகள் பாயும். பேரிங் உடைந்த எஞ்சினிலிருந்து வந்த பழைய கூலர் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதன் நுண்ணிய வழிகளில் தங்கிய உலோகத் துகளை எத்தனை முறை கழுவினாலும் முழுவதும் எடுக்க முடியாது.

சூட்டைப் பொறுத்து ஆயிலின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. நம் ஊர் இளைஞர் தம் காரைக் கோவை செட்டிப்பாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியாக விடியற்காலையில் ஓட்டிச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தடத்தின் ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர்தான்; வழியோ 150 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரமும் ஆயில் கூலருக்குள்ளேயே சுற்றிவந்தால், எரிதலில் உண்டாகி ஆயிலில் கலக்கும் நீரும் சிறிதளவு பெட்ரோலும் ஆவியாகும் சூட்டை அது எட்டுவதே இல்லை. ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே பொருத்தும் சாண்ட்விச் பிளேட்டில், ஏறத்தாழ 80 டிகிரிக்குப் பிறகு கூலருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் இருந்தால் இந்தத் தொல்லை இராது. அதே பிளேட்டில் வெப்பமானியையும் முதலில் பொருத்தித் தடத்தில் ஓட்டிப் பார்த்தால், கூலர் தேவையா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். கூலரை முன்பக்கம் வைத்தால் காற்று பக்கவாட்டில் நழுவாதபடி தகடு அடைப்பதும், முதல் ஓட்டத்திற்குப் பின் டிப் ஸ்டிக்கைப் பார்த்துக் குறைந்த ஆயிலை நிரப்புவதும் எல்லோரும் அறிந்தவையே.

கடைசியாக, இவ்வேலையைச் செய்துமுடித்தவர்களில் சிலர் சோதித்துப் பார்க்க நேரே ஏற்காடு மலைப்பாதையில் ஏறுகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையில் பேருந்துகளும், குடும்பத்தோடு இருசக்கர வாகனத்தில் வருவோரும் எந்நேரமும் இருக்கிறார்கள். வளைவில் ஒரு கையளவு ஆயில் சிந்தினாலே பின்னால் வருபவர் சறுக்கி விழுவார். சோதனையைப் பட்டறையிலேயே, ஆயில் நன்றாகச் சூடேறும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு நிப்பிளையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்துச் செய்யலாம். எஞ்சியதைத் தடத்தில், சில சுற்றுகளுக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம். அதையும் மீறி மலையில் ஆயில் சிந்திவிட்டால், அந்த இடத்தை மணலால் மூடி, எதிரும் பின்னும் வரும் வண்டிகளை நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் அவர்கள் அங்கிருந்து நகர வேண்டும்.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறை நடத்தும் வாசகர்,
ஐந்து ரோடு, சேலம்.