புது மெத்தை வாங்கும் முன் ஒரு வார்த்தை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மழை தொடங்கியதிலிருந்து கடைக்கு வருகிறவர்களில் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "காலையில் எழுந்தால் தும்மல் நிற்கமாட்டேன் என்கிறது. டாக்டர் டஸ்ட் மைட் என்கிறார். பூச்சி வராத மெத்தை இருக்கிறதா?" மெத்தை விற்பதுதான் எங்கள் பிழைப்பு. இருந்தாலும் சொல்கிறேன், அவசரப்பட்டு வாங்காதீர்கள். டஸ்ட் மைட் என்பது தூசிப் பூச்சி. புது மெத்தையிலும் சில மாதங்களில் அது குடியேறிவிடும்.

எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றும் இருக்கிறது. தேனி மாவட்டத்துப் போடி பக்கத்து இலவம்பஞ்சில் எந்தப் பூச்சியும் அண்டாது என்று அப்பா காலத்திலிருந்தே மும்பை மாட்டுங்காவில் சொல்லிச் சொல்லி விற்றோம். நானும் சொல்லியிருக்கிறேன். இலவம்பஞ்சு சட்டென்று நனையாது என்பது உண்மைதான். ஆனால் இந்தத் தூசிப் பூச்சி பஞ்சைத் தின்பதில்லை. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. ஆள் படுத்தால் போதும். பஞ்சா, ஃபோமா, தென்னை நாரா என்று அது பார்ப்பதில்லை.

சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம், எட்டுக் கால், நீளம் அரை மில்லிமீட்டர்கூட வராது. கடிக்கவும் கடிக்காது. கையில் காலில் வரிசையாகத் தடித்திருந்தால் அது மூட்டைப்பூச்சி, வேறு வழக்கு. அதற்கு அடிக்கும் மருந்தை இதற்கு அடிப்பதில் பயனில்லை. நம்மைத் தும்ம வைப்பது பெரும்பாலும் இதன் எச்சம்தான். வீட்டுத் தூசி அலர்ஜிக்கு இந்தப் பூச்சியே காரணம் என்று ஹாலந்தின் லெய்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1960களில்தான் கண்டுபிடித்தார்கள்.

இது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பாலேயே இழுத்துக்கொள்ளும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கி அப்படியே நீடித்தால் வற்றிச் செத்துவிடும். நம் ஊரில் ஜூலை, ஆகஸ்டில் 80க்கு மேல். அதற்குக் கொண்டாட்டம்தான். ஏசி இருப்பவர்கள் மழை நாளில் கொஞ்ச நேரம் டிரை மோடில் ஓடவிட்டால் நல்லது. காற்றைச் சுத்தம் செய்யும் மெஷினுக்காகப் பெரிய செலவு செய்யாதீர்கள். எச்சத் துகள் கனமானது. உதறினால் எழும்பும், அரை மணிக்குள் படிந்துவிடும். நாம் முகம் புதைத்துத் தூங்கும் தலையணையில் இருப்பதை மூலையில் நிற்கும் மெஷின் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது துவைப்பது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாம் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சம் ஓரளவு போகும், பூச்சி பிழைத்துக்கொள்ளும். மெஷினில் ஹீட்டர் இல்லையென்றால் என் மனைவி செய்வதைச் செய்யுங்கள்: ஒரு குண்டான் கொதிக்கும் தண்ணீருக்கு அதே அளவு குழாய்த் தண்ணீர். மும்பைக் குழாய்த் தண்ணீருக்கு அந்தக் கணக்கு 60 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும். துணியை அமுக்கக் கட்டை வேண்டும், கையை விடாதீர்கள். வெந்நீர் தாங்காத பொம்மைகளைப் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டு, அப்புறம் சாதாரணமாக அலசுங்கள்.

அடுத்தது உறை. இதைத்தான் நாங்கள் விற்கிறோம், அதனால் சந்தேகத்தோடே படியுங்கள். மெத்தையையும் தலையணையையும் ஆறு பக்கமும் மூடி ஜிப் போடும், நெருக்கமாக நெய்த துணி உறை வேண்டும். இழைகளுக்கு நடுவே இடைவெளி 10 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). எச்சத் துகள் ஏறக்குறைய 20 மைக்ரான். கடையில் நாங்கள் மைதா வைத்துப் பார்ப்போம். உறையின் ஒரு மூலையில் ஒரு ஸ்பூன் மைதாவைப் போட்டுக் கட்டி, கறுப்புத் துணி மேல் தட்டினால் வெள்ளை விழக் கூடாது. துல்லியமான சோதனை இல்லை, ஆனால் மட்டமான துணி மாட்டிக்கொள்ளும். ரெக்ஸின் உறை மலிவுதான், வேர்த்துக் கொட்டும். வேண்டாம். உறையை மட்டும் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் பழையபடி விட்டால் பெரிய பலன் இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் வீடுகளில் பெரிய வில்லன் ஸ்டோரேஜ் கட்டில். இடம் இல்லாத ஊர், வேறு வழியில்லை, புரிகிறது. ஆனால் அடியில் பிளைவுட், அதற்குள் பழைய கம்பளியும் பாட்டியின் புடவைகளும். மெத்தைக்கு அடியில் காற்றே போவதில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு பிளைவுட்டில் வரிசையாகத் துளை போடச் சொல்லுங்கள். எழுந்தவுடன் படுக்கையை மூடி அழகு பார்க்காமல், போர்வையை விலக்கி ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் விடுங்கள். அந்த ஃபேன் இறக்கையையும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூசி மறுபடி தலையணையில்தான் இறங்கும்.

வெயில் நல்லதுதான். ஆனால் மேல்பக்கம் காய்ந்தால் பூச்சி உள்ளே இறங்கிவிடும், செத்ததன் எச்சமும் அங்கேயே கிடக்கும். அதனால் மழை ஓய்ந்த பிறகு மாடியில் போட்டு இரண்டு பக்கமும் காயவைத்து, அடித்து, உதறிய பிறகே கீழே கொண்டுவாருங்கள். அடிக்கிறவர் வீட்டில் அலர்ஜி இல்லாதவராக இருக்கட்டும், மூக்கைக் கட்டிக்கொள்ளட்டும்.

மூச்சிரைப்பு இருப்பவர்கள் இதை நம்பி மருந்தை நிறுத்த வேண்டாம். தோல் பரிசோதனை செய்தால் காரணம் தூசிப் பூச்சியா, கரப்பானா என்று தெரியும். கரப்பான் என்றால் எங்கள் உறையால் ஒரு லாபமும் இல்லை.

உறை வேண்டுமென்றால் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். நீளம், அகலம், கனம் மூன்றையும் அங்குலத்தில் எழுதி வாருங்கள். கனத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள்.

அன்புடன்,
உங்கள் மெத்தைக் கடைக்காரர்,
மாட்டுங்கா, மும்பை