600 சிடிகளை எழுதி முடிக்கக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு, வணக்கம்.

ஜனவரி 4, பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் பிறந்த நாள். அன்று மதுரையில் பார்வையற்ற தேர்வர்கள் 300 பேருக்கு ஆளுக்கு 2 சிடி கொடுத்தோம். 6 முதல் 10-ம் வகுப்பு வரையிலான சமூக அறிவியல் பாடங்களில் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு வேண்டிய பகுதிகள், மொத்தம் 42 மணி நேர வாசிப்பு. மேடையில் நன்றி சொல்ல எனக்கு 5 நிமிடம் கிடைத்தது. அதில் பாதிப் பேரை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

இந்தக் காலத்தில் எதற்கு சிடி என்று பலர் கேட்டார்கள். போனில் கேட்டுப் படிக்கும் இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் நடு வயதில் பார்வை போய், தொடுதிரை இன்னும் கைக்குப் பழகாதவர்களும் இதே தேர்வுக்குத்தான் படிக்கிறார்கள். வீட்டில் இருக்கும், எம்பி3-யும் ஓடும் பழைய சிடி பிளேயரில் எந்தப் பட்டன் எதற்கு என்று அவர்கள் விரல்களுக்குத் தெரியும். அவர்களை விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

முதல் நன்றி ஸ்டுடியோ அண்ணனுக்கு. பாட்டு சிடி மாதிரி போட்டால் ஒன்றில் 80 நிமிடம்தான் அடங்கும், ஆளுக்கு 32 சிடி ஆகிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். பேச்சுக் குரலுக்கு மோனோவில், அதாவது ஒரே ஒலித்தடத்தில், நொடிக்கு 64 கிலோபிட் அளவுக்குச் சுருக்கிய எம்பி3 கோப்பு போதும் என்றார். அப்படிச் செய்ததும் 21 மணி நேரம் ஒரே சிடியில் அடங்கியது. அதற்கும் மேலாக, தன் ஸ்டுடியோவில் இருந்த, சிடிகளைத் தானாக நகலெடுக்கும் டூப்ளிகேட்டர் மெஷினை 5 இரவுகளுக்கு எங்களிடம் விட்டுவைத்தார். வாடகை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அந்த மெஷின் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு பக்கம் 50 வெற்று சிடிகளை அடுக்கி வைக்கிறோம். மேலிருந்து ஒரு கை இறங்கி, நடு ஓட்டையில் பிடித்து ஒன்றைத் தூக்கி டிரைவில் வைக்கிறது. எழுதி முடித்ததும் எடுத்துப் பிரிண்டர் தட்டில் வைக்கிறது. பெயர் அச்சானதும் மறு பக்கம் அடுக்குகிறது. 2 டிரைவ் இருந்ததால் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு வந்தன. என் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் போட்டிருந்தால் பக்கத்திலேயே ஒருவர் 120 மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சிடி எழுதும் சாஃப்ட்வேரைச் சொல்லிக்கொடுத்த கல்லூரித் தம்பிக்கும் நன்றி. 52 மடங்கு வேகத்தில் ஓட்டினால் சீக்கிரம் முடியுமே என்று நான் அவசரப்பட்டேன். "வேண்டாம்க்கா, 16-லயே வைங்க, பழைய பிளேயருக்கு அதுதான் நல்லது" என்று தடுத்தார். எழுதியதும் மேற்கொண்டு எதுவும் சேர்க்க முடியாதபடி சிடியை மூடிவிடும் ஆப்ஷன், எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆப்ஷன், இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துவிடாதீர்கள் என்று எழுதி ஒட்டியே வைத்தார். அந்த ஒப்பிடலில்தான் 11 சிடிகள் தேறாமல் தனியே விழுந்தன. அவற்றில் ஒன்று யாரோ ஒருவர் கைக்குப் போய், தேர்வுக்கு முந்தின வாரம் பாதியில் நின்றிருந்தால்? நினைக்கவே முடியவில்லை.

முதல் இரவு மழை. ஈரத்தில் சிடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கை இரண்டிரண்டாகத் தூக்கியது. மெஷின் நின்றுவிட்டது. நள்ளிரவில் போன் செய்தும் அலுத்துக்கொள்ளாமல், "சீட்டுக்கட்டை விசிறுவது மாதிரி விசிறிவிட்டு அடுக்குங்க, சிடியோட முகத்தில் விரல் படக்கூடாது, ஓரத்தை மட்டும் பிடிங்க" என்றார் அண்ணன். அப்புறம் விடியும் வரை ஒரு தடங்கலும் இல்லை.

இனி நான் மேடையில் சொல்ல மறந்த பெரிய நன்றி. உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர், அவருக்கும் பார்வை இல்லை. முதலில் வந்த சிடிகளில் ஒன்றைக் கேட்டுப் பார்க்க அவருக்கு அனுப்பியிருந்தோம். மறுநாள் மாலை போன் வந்தது. "பாடம் 1 முடிஞ்சதும் 10 வருதேம்மா. அப்புறம் 11. இரண்டாம் பாடம் எங்கே?" எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்திருந்தேன். எழுத்து வரிசைப்படி பார்க்கும் பிளேயருக்கு 1-க்கு அடுத்தது 10தான். 01, 02 என்று வைத்திருக்க வேண்டும். கண் தெரிந்த நாங்கள் 6 பேர் கம்ப்யூட்டர் திரையில் சரியான வரிசையைப் பார்த்து, எல்லாம் சரி என்று விட்டுவிட்டோம். அவர் காது கொடுத்துக் கேட்டார், பிடித்துவிட்டார். அதற்குள் 40 சிடி போய்விட்டது. அழித்து எழுத முடியாத வகை அவை. ஐயா, நீங்கள் அன்றே கேட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால் 600-ம் அப்படியே போயிருக்கும்.

"எது முதல் சிடி என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டவரும் அவர்தான். அழகாக அச்சடித்த பெயர் அவருக்கு எதற்கு? சிடி மேல் பிரெயில் ஸ்டிக்கர் ஒட்டினால் சுழலும்போது ஆடும். அதனால் உறையில் ஒட்டினோம். ஒவ்வொரு சிடியின் தொடக்கத்திலும் "இது முதல் சிடி", "இது இரண்டாம் சிடி" என்று குரல் பதிந்தோம். பிரெயில் பலகையில் ஊசி பிடித்து 600 உறைக்கும் குத்திக் கொடுத்த விடுதி மாணவிகளே, உங்கள் விரல்கள் சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

பாடங்களை வாசித்த 14 பேருக்கும், மை காயும் வரை சிடிகளைப் பரப்பி வைக்க மெஸ் மேசைகளை விட்டுக்கொடுத்த விடுதிக் காப்பாளருக்கும், இரவெல்லாம் டீ போட்டுக் கொடுத்த சமையல் அக்காவுக்கும் நன்றி. 2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டம் லாப நோக்கமில்லாத இந்த வேலைக்கு இடம் தருகிறது என்று பொறுமையாக விளக்கிப் பயத்தைப் போக்கிய வக்கீல் தோழிக்கும்தான்.

2 சிடிகளின் திருத்திய மூலக் கோப்புகளும் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. சிடி கிடைக்காமல் போனவர்கள், கீறல் விழுந்தவர்கள் நூலகர் அம்மாவிடம் கேட்டால் அன்றே எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் ஐயாவுக்கு மட்டும் நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். இந்த ஞாயிறு வீட்டில் இருங்கள், ஐயா.

நன்றியுடன்,
வாசிப்புக் குழுவுக்காக உங்கள் சகோதரி